வலது மூலையை மடிக்கவும்

காகிதம் மடிப்பதைப் பற்றிய புத்தகம். அதன் கடைசியில் இருக்கும் பெரிய படத்தாளைப் பிரிக்காமல், மடித்தபடியே படமெடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார் ஒரு புண்ணியவான். அவர் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு. புத்தகம் முழுக்க 'படத்தைப் பார்க்க, படத்தைப் பார்க்க' என்கிறது. படமோ பாதிதான் தெரிகிறது. மீதிப் பாதி மடிப்புக்குள் போய்விட்டது. மடிக்கக் கற்றுக்கொடுக்கும் புத்தகத்துக்கே இந்தக் கதி.

அது ஜெர்மன் மொழியில் இருக்கும் ஒரு பழைய கைவேலைப் புத்தகம். வைக்கோல் பின்னல், அட்டைப் பெட்டி, பாசி கோர்ப்பது என்று ஏதேதோ இருக்கிறது. நடுவில் காகித மடிப்புக்கு ஒரு பகுதி. எலப்புள்ளியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிற எனக்கும் ஜெர்மனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். எங்கள் வார்டில் பாதிப் பேர் ஜெர்மன் படிக்கிறார்கள். டூட்டி முடிந்து வகுப்பு, வகுப்பு முடிந்து பஸ். நானும் அப்படித்தான் படித்தேன். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. வீட்டையும் வயலையும் மாமியார் பார்த்துக்கொள்வார். இன்னொரு பரீட்சை தேறிவிட்டால் நான் ஜெர்மனிக்கு வேலைக்குக் கிளம்பிவிடலாம் என்று எல்லோரும் பேசி முடிவு செய்திருந்தோம்.

அப்போதுதான் கணவர் பைக்கிலிருந்து விழுந்தார். யாரோ ரோட்டில் காயப் போட்டிருந்த வைக்கோலில் வண்டி சறுக்கி, வலது கை மைல்கல்லில் போய் அடித்தது. எலும்பு கூடிவிட்டது. நரம்பு மட்டும் கூடவில்லை. விரல்கள் இருந்த இடத்தில் இருந்தன, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு சட்டைப் பொத்தானைப் போட முடியாது. சோற்றைப் பிசைந்தால் விரலிடுக்கில் வழிந்துவிடும். கம்பெனியில் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்கள், கை சரியானதும் வாருங்கள் என்று. எங்கள் எல்லோருடைய பிழைப்பும் அந்த ஒரு கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது திரும்பினால் அவர் வேலைக்குப் போவார், நான் விமானம் ஏறுவேன். திரும்பாவிட்டால் இரண்டும் இல்லை.

நரம்பு விஷயம் எப்படி முடியும் என்று நர்ஸாகிய எனக்குத் தெரியாமல் இல்லை. வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நம் வீட்டு ஆளுக்கு மட்டும் வேறு மாதிரி நடக்கும் என்று மனசு அடம்பிடிக்கிறது, என்ன செய்ய.

பக்கத்துச் சித்தூரில் பிசியோதெரபி செய்யும் மலையாளப் பெண் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அவர் அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பந்து வேண்டாமென்றால் பேப்பர் மடிக்கட்டும் சேச்சி. விரலுக்கு அதுவும் நல்லதாணு. வலது கை தன்னே செய்யணும், கேட்டோ," என்றாள். வீட்டில் நான் செய்தித்தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவருக்குத் தெரிந்தது கப்பல் ஒன்றுதான். இரண்டாம் நாளே, "எத்தன கப்பல் உடறது, வாய்க்கால்ல தண்ணியே இல்ல," என்று தள்ளி வைத்துவிட்டார். அப்போதுதான் ஜெர்மன் வாசித்துப் பழக உதவுமே என்று எப்போதோ இறக்கி வைத்திருந்த அந்தப் புத்தகம் என் ஞாபகத்துக்கு வந்தது.

வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஜெர்மன் 'எங்கே வலிக்கிறது', 'மாத்திரை சாப்பிட்டீர்களா' ரகம். இந்தப் புத்தகமோ கொக்கியும் முள்ளுமாக இருக்கும் பழைய அச்செழுத்து. ஒரு வரியைக் கூட்டி வாசிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். வாசித்து முடித்தால் அந்த வரியில் விஷயமே இருக்காது. 'பின்னர் எல்லோருக்கும் தெரிந்த முறையில் மடித்துக்கொள்ளவும்' என்று இருக்கும். எல்லோருக்கும் என்றால் யாருக்கு? அந்தக் காலத்து ஜெர்மன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு. எனக்கும் தெரியும் என்று எப்படி நினைத்தார் அந்த ஆசிரியர்? எழுதியவர் எதிரில் இருந்தால் ஓ.பி.யில் கடைசி டோக்கன் கொடுத்து உட்கார வைத்திருப்பேன்.

இத்தனைக்கும் அதில் இருந்ததில் பாதி எனக்குத் தெரிந்ததுதான். உப்புச்சிமிழ் என்று ஒன்று. நாலு மூலையையும் நடுவுக்கு மடித்து, திருப்பிப் போட்டு, மறுபடி நாலு மூலையையும் நடுவுக்கு மடிப்பது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் அதைக் கவிழ்த்து, நாலு பைக்குள் நாலு விரலை விட்டு, 'ராஜாவா ராணியா' கேட்டு விளையாடியதுதான். அதில் உப்பு வைத்து மேசையில் பரிமாறுவார்களாம். காற்றாடி இருந்தது. இரட்டைக் கப்பல் இருந்தது. அதை விரித்து வேறு பக்கம் இழுத்தால் பன்றியாகிவிடும் என்று போட்டிருந்தது. எப்படி இழுத்தும் எங்களுக்குப் பன்றி வரவில்லை. கடைசியாகச் சேவல். அதன் கொண்டையும் வாலும் மட்டும்தான் படத்தில் தெரிந்தன. உடம்பு அந்தப் பாழாய்ப்போன மடிப்புக்குள். இன்றுவரை அந்தச் சேவலை யாரும் செய்யவில்லை.

இது போதாதென்று இன்னொரு கூத்து. எழுத்தில் 'வலது மூலையை மடிக்கவும்' என்று இருந்தால் படத்தில் இடது மூலை மடிந்திருக்கும். ஒன்றிரண்டு படம் அல்ல, எல்லாமே அப்படித்தான். அச்சுக்குக் கட்டை செதுக்கியவர் நேராகச் செதுக்கிவிட்டார் போலிருக்கிறது, தாளில் பதிந்ததும் பக்கம் மாறிவிட்டது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்து முடிந்தது.

"எழுத்துல வலதுன்னு தெளிவாப் போட்ருக்குங்க. வலதத்தான் மடிக்கணும்," என்றேன்.

"படத்தப் பாரு புள்ள. எடதுதான மடிஞ்சிருக்குது. எழுத்து கெடக்குது அக்கட்ட."

"படிச்சுச் சொல்றது நானா நீங்களா?"

"மடிக்கறது நானுங்கம்மா," என்றார். கோபம் வந்தால் எனக்கு 'ங்க' போட்டுப் பேசுவது அவர் வழக்கம்.

இரண்டில் எதைச் செய்தாலும் காற்றாடி வரும், சுற்றுகிற திசைதான் மாறும். அது எனக்கும் தெரியும். ஆனால் எனக்குக் காற்றாடியா முக்கியம்? அந்த வலது கை வேலை செய்ய வேண்டும். இடது கை தாளைப் பிடிக்கவே கூடாது என்று சட்டம் போட்டேன். தாளின் மேல் ஒரு கனமான கிண்ணத்தை வைத்துவிட்டு, இடது கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வலது கட்டை விரலால் மடிப்பைத் தேய்க்க வேண்டும். அவர் தேய்ப்பார், விரல் நழுவும், தாள் கோணிக்கொள்ளும். நான் பிரித்துக் கொடுத்து மறுபடி என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தேய்ப்பார். ஸ்கூட்டர் ஓட்டப் பழகும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது போல நானும் கூடவே மூச்சு வாங்கினேன். என் பொறுமை அவர் பொறுமைக்கு முன்பே தீர்ந்துபோகும்.

செய்தித்தாள் மடிப்பில் நிற்கவில்லை. கொஞ்சம் விறைப்பான தாள் வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது பழைய மாதக் காலண்டர்தான். மளிகைக் கடையில் கொடுத்தது, மாதத்துக்கு ஒரு சாமி. கத்தரிக்கோலோடு அதை எடுத்ததும் மாமியார் வந்துவிட்டார்.

"ஏங் கண்ணு, முருகன் மூஞ்சிய நாலா மடிக்கறதாக்கும்? கை வெளங்கோணும்னு ஒரு பக்கம் வேண்டிக்கிட்டு, இன்னொரு பக்கம் சாமியவே மடிச்சுப் போட்டா எப்புடி வெளங்கும்?"

"பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு அத்தே."

"முன்பக்கம் சாமி இருக்கறாரல்லொ. நீ வேற தாளு பாரு."

கடைசியில் உரக்கடைக் காலண்டரை எடுத்துக்கொண்டோம். அதில் சாமி இல்லை, மருந்து அடிக்கிற ஆளும் நெல் வயலும்தான். மருந்தடிக்கிறவர் முகத்தை எத்தனை மடித்தாலும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மாமியாரோடு எனக்கு வருத்தம் கிடையாது. மூன்று வேளையும் சோற்றைப் பிசைந்து மகனுக்கு ஊட்டியது அவர்தான். மகனே சாப்பிடட்டும், ஸ்பூன் கொடுங்கள் என்று யாராவது சொன்னாலும் கேட்க மாட்டார். இடது கையில் ஸ்பூன் பிடிப்பதா என்று அவருக்கு மனசு ஒப்பவில்லை. நானும் அதற்கு எதிராக ஒன்றும் சொல்லவில்லை. இடது கை பழகிவிட்டால் வலது கை சோம்பேறியாகிவிடும் என்பது என் கணக்கு. காரணம் வேறு வேறாக இருந்தாலும் அந்த விஷயத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி. நாற்பத்தைந்து வயது மனிதர் அம்மா கையால் வாய் திறந்து வாங்கிக்கொண்டு, டிவியையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் விசேஷங்களுக்கு வருவதே நின்றுபோனது.

அவரைப் பார்த்துக்கொள்ள எடுத்த லீவு முடிந்து நான் டூட்டிக்குப் போக ஆரம்பித்தேன். புத்தகத்தில் புரிந்த பக்கங்களைத் தமிழில் எழுதி, படங்களைப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டுப் போனேன். முதலில் வீடு திரும்பும்போதெல்லாம் தாள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் டிவி மேல் ஓர் உப்புச்சிமிழ் உட்கார்ந்திருந்தது. மூலை கொஞ்சம் விலகியிருந்தாலும் நின்றது. அதற்கப்புறம் காற்றாடி. ஒரு வாரம் கழித்து இரட்டைக் கப்பல், அதுவும் மடிப்புக்கு மடிப்பு கத்தி போல. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நீங்களா செஞ்சீங்க?"

"பின்ன? வைக்கோல் திங்க வந்த மாடா செஞ்சுது?"

அன்றே மகளுக்குப் போன் செய்தேன். இடுக்கி மலையில், ஆனைக்கரையில் இருக்கும் என் தம்பிக்குச் செய்தேன். வார்டில் எல்லோருக்கும் படம் காட்டினேன். மாமியார் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு வந்தார். விட்டுப்போன ஜெர்மன் வகுப்பில் மறுபடி பேர் கொடுத்தேன். பிசியோதெரபிப் பெண் மட்டும் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பழைய மாதிரி தன்னே இருக்கு சேச்சி," என்றாள். பிடியை அளக்கும் கருவியிலும் முள் நகரவில்லை. கருவி கெட்டுப்போயிருக்கும் என்று நான் அவளிடம் வாதாடினேன். கப்பலின் படத்தைக் காட்டி, இது என்ன தானாக மடிந்ததா என்று கேட்டேன். அவள் பாவம், கருவியைப் பெட்டிக்குள் எடுத்து வைத்தாள். அவர் அந்தப் பக்கம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

தம்பி ஆனைக்கரையில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். அவர் வர மாட்டார் என்று நினைத்துத்தான் கேட்டேன். உடனே, "போலாம்," என்றார். பொள்ளாச்சி, திண்டுக்கல், தேனி என்று மூன்று பஸ் மாறி, கம்பமெட்டு ஏறிப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அவர் சந்தோஷமாக இருந்தார். தாள் மடித்தாரே தவிர, எங்கள் முன்னால் அவர் இன்னும் சோற்றைப் பிசைந்ததில்லை. அதனால் மாமியாரும் கூட வந்திருந்தார், பந்தி நேரத்தில் மகனைத் தனியாக உள்ளறையில் உட்கார வைத்து ஊட்டிவிடலாம் என்று. அதற்காக ஒரு தட்டையும் பையில் வைத்திருந்தார்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் இருக்கும் முற்றத்தில் பந்தல் போட்டுப் பந்தி. பிறந்த வீட்டு விசேஷம் என்பதால் நான் கூட்டு வாளியோடு நின்றேன். முதல் பந்தியில் இலை போட்டு ஆட்கள் உட்காரும்போது பார்த்தால், அவர் போய் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். என் சித்தப்பாவுக்கும் தம்பியின் மாமனாருக்கும் நடுவில். எனக்குப் பதறியது. இத்தனை பேருக்கு முன்னால் சோறு விரலிடுக்கில் வழியப்போகிறதே என்று நான் அங்கே விரைவதற்குள், அவர் தன் முன்னால் இருந்த இலையை எடுத்துத் திருப்பிப் போட்டார். இலையின் நுனி எல்லோருக்கும் இடது பக்கம், அவருக்கு மட்டும் வலது பக்கம்.

எங்கள் பக்கத்தில் இலை மாறுவது கருமாதிக்குத்தான். சித்தப்பா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். தம்பி ஓடி வந்தான்.

"மச்சான், எலைய மாத்திப் போட்டுட்டாய்ங்க போல, இருங்க," என்று குனிந்து நேராக்கினான்.

அவர் மறுபடி திருப்பினார். "மாத்தல மாப்ள. எனக்கு இப்படித்தானுங்க சௌகரியம். நீங்க சோத்த வையுங்க."

இடது கையால் தண்ணீரை அள்ளி இலையில் தெளித்தார். சோறு வந்தது, சாம்பார் வந்தது. இடது கையால் குழி செய்து, பிசைந்து, உருட்டி, வாயில் வைத்தார். ஒரு பருக்கை சிந்தவில்லை. ரசத்தை இலையில் வாங்கிச் சாப்பிடுவது நல்ல கை இருப்பவர்களுக்கே தகராறு. அவர் அதையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த விரல்கள் போய் வந்த லாகவத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உப்புச்சிமிழ், காற்றாடி, இரட்டைக் கப்பல் எல்லாமே இந்தக் கை செய்ததுதான். நான் டூட்டிக்குப் போன பிறகு கிண்ணத்தை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, படத்தில் இருந்தபடியே இடது மூலையை இடது கையால் மடித்திருக்கிறார். மாமியார் வயலுக்குப் போன நேரத்தில் சோற்றையும் பழகியிருக்கிறார். நான்தான் ஊரெல்லாம் போன் போட்டு விரல் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மாமியார் தட்டோடு வந்து பின்னால் நின்று, "சாமி, எல்லாரும் பாக்கறாங்க, உள்ள வா," என்றார்.

"நீ போயி உக்காந்து சாப்புடும்மா. பசியோட நிக்காத," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாளியை யாரிடமோ கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். என்னை முட்டாளாக்கிவிட்டார் என்று கோபம். என் பிறந்த வீட்டில் வைத்து இப்படிச் செய்துவிட்டார் என்று கோபம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வலது கை. அது திரும்பவே இல்லை. திரும்பியதாக நான் நம்பிய நாட்களில் போட்ட திட்டமெல்லாம் என்ன ஆவது? கண்ணைத் துடைக்கத் துடைக்க அழுகை வந்தது. பாயசம் கொதித்துக்கொண்டிருந்த அடுப்புப் பக்கம் யாருக்கும் தெரியாமல் நின்றுகொண்டேன்.

கை கழுவிவிட்டு அவரே தேடிக்கொண்டு வந்தார்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"நீ டூட்டிக்குப் போனதுல இருந்து."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா உட்ருவியாக்கும்? கிண்ணத்த வெச்சுட்டு, வலது வலதும்ப." இடது கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அது வராது புள்ள. உனக்கும் தெரியும். நீ நர்சு."

"அப்ப வேலை?"

"ஃபிட்டர் வேலைக்கு ஆகாது. கம்பெனி ஸ்டோர்ல ஆள் வேணும்னு சொன்னாங்க, கணக்கு எழுதறதுக்கு. எடது கையில எழுதிப் பாத்துட்டு இருக்கறன். கோழி கிண்டுன மாதிரி இருக்குது, வந்துரும். நீ பரிச்சையப் பாரு. நான் தின்னுக்குவன்."

நான் தின்னுக்குவன் என்றார். இத்தனை மாதமும் நான் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். கேட்டதும் சந்தோஷம் வர வேண்டுமே, வரவில்லை. போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன், மனசுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போ என்று சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? ஒரு டம்ளரில் பாயசத்தை ஊற்றி அவரிடம் நீட்டினேன். கை பழக்கத்தில் அவருடைய வலது பக்கம்தான் போயிற்று. அவர் வாங்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இடது கையில் ஒன்றைக் கொடுத்தும் வாங்கியும் எங்கள் வீட்டில் யாருக்கும் வழக்கம் கிடையாது. நான் டம்ளரை இந்தப் பக்கம் கொண்டு வந்தேன். அவர் இடது கையால் வாங்கிக்கொண்டார்.

"சுடும், பாத்துப் பிடிங்க," என்றேன்.

"தெரியுது," என்றார். விழுந்த நாளிலிருந்து அவருடைய வலது கைக்குச் சூடு தெரியாது.